பாறைக்குள் நீரோட்டம்: கணிப்பொறி போடும் கணக்கு

நிலத்தடி நீர் என்று சொன்னவுடன் பூமிக்கு அடியில் பெரியதோர் ஏரி இருப்பதாகவோ, ஆறு ஒன்று ஓடுவதாகவோ பலர் எண்ணுகின்றனர். கடற்கரை ஊர்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மணலுக்கு மணல் உள்ள இடுக்குகளில் நீர் தங்கியிருக்கும் என்பது உண்மை. ஆனால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சுற்றி மண்ணைத் தோண்டினால் சில அடிகளில் சரளை வரும்; அதன் கீழ் உளுத்துப்போன பாறை வரும்; அதற்கும் கீழே கருங்கல். கடப்பாரை பட்டால் தீப்பொறி பறக்கும் அந்தக் கல்லுக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

விரிசல்களில் இருக்கிறது. கிணறு வெட்டுகிறவர்கள் இதனை 'ஊற்றுக்கண்' என்பர். எத்துணை அழகான சொல்! கிணற்றின் பக்கச் சுவரில் ஒரு நூல் அளவு பிளவு தெரியும்; அதிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கண் எங்கே தொடங்குகிறது, எத்தனை கண்களோடு அது உள்ளே இணைந்திருக்கிறது என்று யாரும் கண்டதில்லை. காணாத அந்த நீரோட்டத்தைக் கணக்கிட்டு அறிய அறிவியலார் கணிப்பொறியைப் பயன்படுத்துகின்றனர். இவ்வாண்டு அறிவியல் மன்றத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. பெரிய கணிதம் எங்களுக்கும் தெரியாது. ஆனால் இதன் அடிப்படை, பத்தாம் வகுப்பு மாணவிக்கு எட்டாததன்று. நம் மாவட்டத்தாருக்கு இந்தக் கணக்கு ஏன் மற்றவர்களைவிட அதிகம் வேண்டியிருக்கிறது என்பதையும் பின்னர்க் காண்போம்.

டார்சியின் மணல் குழாய்

1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நம் அரக்கோணம் வழியாகத்தான் அது சென்றது. அதே 1856இல் பிரான்சு நாட்டில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர் ஒரு நூலை வெளியிட்டார். திஷோன் என்னும் தம் ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவர். நூலின் பின்னிணைப்பில் அவர் ஒரு சோதனையை விவரித்திருந்தார். ஆளுயரத்துக்கும் மேற்பட்ட ஓர் இரும்புக் குழாயில் மணலை நிரப்பி, மேலிருந்து நீரைச் செலுத்தி, கீழே எவ்வளவு நீர் வருகிறது என்று அளந்தார்.

அவர் கண்டது எளிய உண்மை. இரு முனைகளிலும் உள்ள நீர்மட்டங்களின் வேறுபாடு இரு மடங்கானால் நீரோட்டமும் இரு மடங்காகும். மணலின் நீளம் இரு மடங்கானால் நீரோட்டம் பாதியாகும். ஓமின் விதியை நாம் இவ்வாண்டு படித்திருக்கிறோம் அல்லவா? மின்னழுத்த வேறுபாட்டின் இடத்தில் நீர்மட்ட வேறுபாட்டையும், மின்னோட்டத்தின் இடத்தில் நீரோட்டத்தையும், மின்தடையின் இடத்தில் மணலின் தடையையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே! நிலத்தடி நீரைப் பற்றிய கணக்குகள் அனைத்தும் இன்றும் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன.

விரிசலுக்கு வேறு கணக்கு

மணலுக்குச் சரி, பாறைக்கு? இரு தட்டையான சுவர்களுக்கு இடையே நீர் ஓடும்போது நீரோட்டம் விரிசலின் அகலத்தைப் பொறுத்தது. அகலம் இரு மடங்கானால் நீரும் இரு மடங்கு வரும் என்றே யாரும் நினைப்பார்கள். உண்மையில் எட்டு மடங்கு வரும். அகலம் பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. அதாவது நீரோட்டம் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப அமையும்.

இதனைச் சோதித்துப் பார்க்க இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்துக்கொண்டோம். இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அஞ்சலட்டையிலிருந்து வெட்டிய மெல்லிய கீற்றுகளை வைத்துக் கண்ணாடிகளைச் சேர்த்துக் கட்டி, ஓரங்களை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்தோம். கீழ்முனை தட்டில் உள்ள நீரைத் தொடும்படி நிறுத்தி, மேல்முனையில் களிமண்ணால் ஒரு தொட்டி கட்டி, மை கலந்த நீரை ஊற்றினோம். ஓர் அட்டைக் கனமுள்ள இடைவெளியில் 100 மில்லிலிட்டர் நீர் இறங்க 75 விநாடி ஆயிற்று. இரண்டு அட்டைகளை வைத்தபோது 11 விநாடிதான்! எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய ஏழு மடங்கு. அட்டை நனைந்து பருத்ததும், தொட்டியில் நீர்மட்டம் ஒரே அளவில் நில்லாததும் காரணமாக இருக்கலாம்.

இந்த மும்மடிக் கணக்கின் விளைவு வியப்பானது. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு விரிசலையும், பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பத்து விரிசல்களையும் ஒப்பிடுங்கள். மொத்த இடைவெளி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பத்து சிறு விரிசல்களும் சேர்ந்து, அந்த ஒற்றை விரிசல் தரும் நீரில் நூறில் ஒரு பங்கைத்தான் தரும். பக்கத்து வீட்டுப் போர்வெல்லில் தண்ணீர் கொட்டுகிறது, நம் வீட்டில் முந்நூறு அடி போட்டும் புகைதான் வந்தது என்று பெரியவர்கள் வருந்துவதைக் கேட்டிருக்கிறோம். சிலர் அதனைத் தலைவிதி என்பர். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரின் பிழை என்பாரும் உண்டு. பத்தடி தள்ளித் துளையிட்டதால் அந்த ஒரு மில்லிமீட்டர் கண்ணில் படாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

பென்சிலால் ஒரு கணிப்பொறி

இனிக் கணிப்பொறி என்ன செய்கிறது என்று பார்ப்போம். முதலில் கணிப்பொறி இல்லாமலே செய்வோம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

ஒரு கிராமத்தின் மேற்கே ஏரி. அதன் நீர்மட்டம் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே ஆறு, அதன் மட்டம் 80 மீட்டர். இடையில் சம தூரத்தில் மூன்று கிணறுகள். அவற்றின் நீர்மட்டம் என்ன? நிலம் எங்கும் ஒரே தன்மையுடையது என்று கொள்வோம். ஒரு கிணற்றுக்கு மேற்கிலிருந்து வரும் நீரும், அதிலிருந்து கிழக்கே போகும் நீரும் சமமாக இருந்தால்தான் அதன் மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்கும். டார்சியின் விதிப்படி அப்படி நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு கிணற்றின் மட்டமும் அதன் இரு அண்டை வீட்டார் மட்டங்களின் சராசரியாக இருக்க வேண்டும்.

விடை தெரியாததால் மூன்று கிணறுகளுக்கும் 80 என்று குத்துமதிப்பாக எழுதிக்கொள்வோம். முதற் கிணறு: 100க்கும் 80க்கும் சராசரி 90. அதனை அழித்து 90 என்று எழுதுவோம். இரண்டாவது: 90க்கும் 80க்கும் சராசரி 85. மூன்றாவது: 85க்கும் 80க்கும் சராசரி 82.5. முதற் சுற்று முடிந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் 92.5, 87.5, 83.75 என்று வரும். மூன்றாம் சுற்றில் 93.75, 88.75, 84.375. சுற்றுக்குச் சுற்று எண்கள் 95, 90, 85 என்பவற்றை நெருங்குவதைக் காணலாம். மீதமுள்ள பிழை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழப் பாதியாகிறது. தவறான எண்ணில் தொடங்கினாலும் சரியான எண்ணில் வந்து முடிகிறது என்பதுதான் இதில் எங்களுக்குப் பிடித்த செய்தி. எங்கள் தோழி ஒருத்தி 80க்குப் பதிலாக 500 என்று தொடங்கினாள். அவளுக்கும் அதே விடை வந்தது, சுற்றுகள்தாம் அதிகமாயின.

இப்போது இரண்டாவது கிணற்றுக்கும் மூன்றாவது கிணற்றுக்கும் இடையே ஓர் அகன்ற விரிசல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே தடையே இல்லை எனலாம். எனவே 20 மீட்டர் இறக்கமும் மற்ற மூன்று இடைவெளிகளுக்குள் பங்கிடப்படும். மட்டங்கள் 93.33, 86.67, 86.67 என்றாகும். இரண்டாவது கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, மூன்றாவதில் ஏறிவிட்டது. ஏரியிலிருந்து ஆற்றுக்குச் செல்லும் நீரும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதனினும் முக்கியமானது வேறொன்று. இரண்டாவது கிணற்றில் யாரேனும் ஒரு மூட்டை உப்பைக் கொட்டினால், அது மூன்றாவது கிணற்றுக்கு மாதக்கணக்கில் அல்ல, மிக விரைவில் போய்ச் சேரும்.

கணிப்பொறி செய்வது இதுவே. ஒரு மாவட்டத்தின் வரைபடத்தைச் சதுரங்கப் பலகை போல ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஆழத்திலும் இரண்டு மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாறையின் தன்மை, மழையால் இறங்கும் நீர், மோட்டார் வைத்து இறைக்கும் நீர் ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். பிறகு கணிப்பொறி அண்டைக் கட்டங்களின் கணக்கைப் போட்டுப் போட்டு எண்கள் மாறாமல் நிற்கும்வரை சுற்றுகிறது. அடுத்த மாதத்துக்கு மறுபடியும் தொடங்குகிறது. கணிப்பொறி நம்மைவிட அறிவு மிக்கது என்பதால் அன்று, அதற்குச் சலிப்பு இல்லை என்பதால்தான் இது முடிகிறது. அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வுத் துறை 1984இல் வெளியிட்ட 'மாட்ஃப்ளோ' என்னும் நிரல் இத்தகையது. யாரும் விலையின்றிப் பெறலாம். நீரில் கரைந்த பொருள்கள் செல்லும் பாதையைக் கணக்கிட 1990இல் 'எம்டி3டி' என்ற துணை நிரலும் வந்தது.

விரிசல் நிறைந்த பாறைக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. எந்த விரிசல் எங்கே என்று தெரியாதபோது எதைக் கட்டத்தில் எழுதுவது? சிலர் விரிசல்களையெல்லாம் சராசரியாக்கி, பாறையை ஒருவகை மணல் போலக் கருதிக் கணக்கிடுகின்றனர். மாவட்டம் முழுவதையும் பார்க்கும்போது இது ஓரளவு பொருந்தும். ஒரு தெருவைப் பார்த்தால் பொருந்தாது. வேறு சிலர் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலக் கணிப்பொறியையே விரிசல்களை வரையச் சொல்லி, நூறு தடவை வெவ்வேறு விதமாக வரைந்து, நூறு விடைகளில் எது அடிக்கடி வருகிறது என்று பார்க்கின்றனர். 1960இல் பாரென்பிளாட் முதலிய ரஷ்ய அறிஞர்கள் மூன்றாவது ஒரு வழியைக் காட்டினர். பாறையில் இரண்டு உலகங்கள் உள்ளன என்றனர் அவர்கள். ஒன்று, நீர் விரைந்தோடும் விரிசல். மற்றொன்று, விரிசல்களுக்கு நடுவே நுண்துளைகளில் நீர் ஏறத்தாழ அசையாமல் நிற்கும் கல். இரண்டும் ஒன்றுக்கொன்று மெல்ல மெல்லக் கொடுத்து வாங்குகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நம் பாலாற்றுக் கதையின் மையம்.

பாலாற்றங்கரை

ஒரு காலத்தில் இங்கே தோல்கள் பெரும்பாலும் ஆவாரம்பட்டை கொண்டு பதனிடப்பட்டன. 1973 வாக்கில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்குவித்தது. நாட்டுக்கு வருமானம் கூடியது; பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. கூடவே குரோமியம் கொண்டு பதனிடும் முறையும் பரவியது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறித்துள்ளபடி, ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது. ஒரு டன்னுக்கு 35,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரியில் மூன்று லாரிகள்! அவ்வளவும் கழிவுநீராக வெளியேறுகிறது.

குரோமியத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். ஆனால் சாதாரண உப்பும் அதற்குக் குறைந்த தீமை செய்யவில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க ஏராளமாக உப்புத் தடவுகின்றனர். தொழிற்சாலையில் முதல் வேலையே அதைக் கழுவுவதுதான். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் வேறு வழியில்லாதபோதுங்கூட லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. 50 கிலோ மூட்டை உப்பு ஒன்று, தூய நீராயினும் 25,000 லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். குரோமியத்தின் எல்லை இன்னும் கடுமை: லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டருக்குப் போதும்.

ஹைதராபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த எம். தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை இவ்வாறு கட்டங்களாகப் பிரித்துக் கணிப்பொறியில் ஏற்றி, உப்பின் பயணத்தைக் கணக்கிட்டார். 1999இல் வெளியான அந்த ஆய்வின் முடிவைப் படித்தபோது எங்களுக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை. கழிவுநீர் அதே அளவில் தொடர்ந்தால் மாசு செறிவிலும் பரப்பிலும் வளர்ந்துகொண்டே போகும் என்பது எதிர்பார்த்ததுதான். ஆனால் கழிவைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டுகள் கழிந்த பின்பும் நிலத்தடி நீரின் உப்பு பாதியளவுக்குக்கூடக் குறையாது என்று கணக்கு காட்டியது.

ஏன் அப்படி? பாதி போட்டால் பாதி குறைய வேண்டாமா?

ஊறுகாய் வைத்த பானை

நம் பாட்டிமார்கள் மண்பானையில் ஊறுகாய் போட்டு வைப்பார்கள். அந்தப் பானையைக் காலி செய்து, கழுவி, வெயிலில் காயவைத்து, நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கும். கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாலும் கரிக்கும். வாரக்கணக்கில் ஊற்றிக் கொட்ட வேண்டியிருக்கும். பானையின் உள்ளிடம் கழுவப்பட்டுவிட்டது. ஆனால் ஓடு உப்பைக் குடித்திருக்கிறது. குடித்ததை அது அவசரமின்றி, சிறிது சிறிதாகவே திருப்பித் தரும்.

பாலாற்றங்கரைப் பாறை அந்தப் பானையைப் போன்றது. விரிசலில் உப்புநீர் ஓடிய இருபது முப்பது ஆண்டுகளில், விரிசலின் இருபுறமும் உள்ள உளுத்த கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பு ஊறிப் போயிற்று. பின்னர் நல்ல மழை பெய்து விரிசலில் தூய நீர் ஓடினாலும், கல் தன்னிடமுள்ள உப்பை அந்நீரில் கசியவிடுகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை நாம் அறிவோம். கரை புரண்டு ஓடிய அந்த வெள்ளம் மேலேயுள்ள மணலை அலசியிருக்கும். பானையின் ஓட்டை அது எப்படி அலசும்?

ராணிப்பேட்டையில் இதற்கு இன்னும் கடுமையான சான்று உண்டு. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்து மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு இலட்சம் டன் கணக்கில் திறந்த வெளியில் மலைபோலக் குவிந்து கிடந்தது. மழை பெய்தபோதெல்லாம் அதிலிருந்து மஞ்சள் நிற நீர் வழிந்தது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் நம் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. பெருமைப்படத் தக்க பட்டியல் அன்று. அந்தக் குவியலைச் சுற்றியுள்ள நீரோட்டத்தையும் குரோமியத்தின் பயணத்தையும் அதே ஆய்வுக் கழகத்தார் கணிப்பொறியில் வரைந்து 2011இல் வெளியிட்டுள்ளனர். இத்தகைய கணக்கு இல்லாவிட்டால் குவியலை அகற்றினால் போதுமா, அடியிலுள்ள நீரையும் இறைத்துச் சுத்திகரிக்க வேண்டுமா, எந்தப் பக்கத்துக் கிணற்றை முதலில் மூட வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்?

தோல் தொழிலையே மூடிவிடலாமே என்று கேட்பது எளிது. எங்கள் தோழியர் சிலரின் உறவினர்கள் அந்தத் தொழிலில்தான் இருக்கின்றனர். ஆம்பூர்ப் பக்கம் செருப்பு, ஷூ தைக்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. அந்தச் சம்பளத்தில் படிக்கும் சிறுமிகள் நம்மைப் போன்றவர்களே. ஆகவே கிணறா, சம்பளமா என்று கேள்வியை வைப்பது எங்களுக்கு நேர்மையாகப் படவில்லை. கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டதனால் மிச்சமான பணம் ஒருவருக்குச் சென்றது. கெட்ட கிணறு இன்னொருவருக்குச் சென்றது. கணக்குப் பார்த்தால் பிழை அங்கேதான் இருக்கிறது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். கெடுதல் நேருமுன்பே காப்பது கடமை என்னும் இரு நெறிகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. தோல் தொழிற்சாலைகள் தனியாகவோ கூட்டாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. ராணிப்பேட்டை, விஷாரம், வாணியம்பாடி முதலிய இடங்களில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் குரோமியத்தைப் படியவைத்துப் பிரிக்கின்றன. உப்பு அப்படிப் படியாது. மெல்லிய சவ்வு வழியே அழுத்தி வடிக்க வேண்டும்; மிஞ்சும் உப்பைக் காய்ச்சி எடுக்க வேண்டும். எடுத்த உப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த தொல்லை.

வெந்நீர்ப் பாறை

இந்தக் கணக்கு மாசுக்கு மட்டும் பயன்படுவதன்று. பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் கூடுகிறது. ஆழத்திலுள்ள சூடான கருங்கல்லில் இரண்டு துளைகள் இட்டு, நீரை அழுத்திச் செலுத்தி இடையிலுள்ள விரிசல்களை விரியச் செய்து, ஒரு துளையில் குளிர்ந்த நீரை அனுப்பி மறு துளையில் வெந்நீராக எடுத்து மின்சாரம் செய்யலாம் என்று 1970களில் அமெரிக்காவின் ஃபென்டன் ஹில் என்ற இடத்தில் முயன்றனர். பிரான்சில் சூல்ட்ஸ் என்ற ஊரில் பல்லாண்டு முயற்சிக்குப் பின் இம்முறையில் மின்சாரம் எடுக்கின்றனர். நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் தானாகவே பொங்கும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. அங்கே புவிவெப்ப மின்சாரம் எடுக்க, எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

அங்கே கணிப்பொறியில் போடும் கணக்கும் நம் பாலாற்றுக் கணக்கும் அக்காள் தங்கைகள். விரிசலில் ஓடும் நீருக்குக் கல் மெல்ல மெல்லத் தன் வெப்பத்தைத் தருகிறது. இங்கே தன் உப்பைத் தருகிறது. கல்லின் நிதானம் அங்கே வரம். பல்லாண்டுகளுக்கு வெப்பம் தீராமல் வரும். விரிசல் ஒன்று மட்டும் மிக அகலமாகிவிட்டால் மும்மடிக் கணக்குப்படி நீரெல்லாம் அந்த ஒரே வழியில் பாய்ந்து, சூடேறுமுன்பே குளிராக வெளியே வந்துவிடும். பல கோடி செலவிட்டுத் துளையிட்டபின் அப்படி ஆனால் என்ன செய்வது? அதனால்தான் துளையிடுமுன் கணிப்பொறியில் நூறு முறை ஓட்டிப் பார்க்கின்றனர்.

கயிறும் கல்லும்

கணிப்பொறியை நம்பலாமா என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் நடந்தது. நாம் கொடுப்பதைத்தான் அது திருப்பித் தரும் என்று ஒரு சாராரும், நம் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிறதே என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். அருட்சகோதரி தீர்ப்புச் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கணக்கு காட்டிய மட்டத்தையும் கிணற்றில் உள்ள மட்டத்தையும் யார் போய் ஒத்துப் பார்ப்பது?"

அதுதான் உண்மையான இடர்ப்பாடு. எந்தக் கணிப்பொறி மாதிரியையும் முதலில் கடந்த ஆண்டுகளின் அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றனர். பழைய கிணறுகளின் நீர்மட்டத்தை அது சரியாகச் சொன்னால்தான் வருங்காலத்தைப் பற்றி அதனிடம் கேட்கலாம். அளக்கப்பட்ட கிணறுகள் குறைவாக இருந்தால் மாதிரியும் குருடாகும். ஊரில் பழங்கிணறுகள் பல குப்பை கொட்டும் குழிகளாகிவிட்டன; சில மூடப்பட்டு மேலே வீடு எழும்பிவிட்டது. ஆதியாகமத்தில் ஈசாக்கின் கதை நினைவுக்கு வருகிறது. ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டுத் தூர்த்துவிட, ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டித் தன் தந்தை இட்ட பெயர்களையே இட்டான். தூர்ந்த கிணற்றோடு அதன் செய்தியும் தூர்ந்துபோகிறது என்பதை அவன் அறிந்திருப்பான் போலும்.

நீர்மட்டம் அளக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும், நுனியில் கட்டிய ஒரு கல்லும் போதும். கிணற்றின் விளிம்பில் எப்போதும் ஒரே இடத்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டு, கல் நீரைத் தொடும் ஒலி கேட்கும்வரை இறக்க வேண்டும். மோட்டார் ஓடும் நேரத்தில் அளக்கக் கூடாது; விடியற்காலம் நல்லது. மழைக்கு முன் மே மாதத்தில் ஒரு முறையும், மழைக்குப் பின் ஜனவரியில் ஒரு முறையும் அளந்து தேதியோடு குறித்து வைக்கலாம். எங்கள் வகுப்பில் வீட்டில் கிணறு உள்ளவர்கள் கடந்த ஜனவரியில் இதைத் தொடங்கியிருக்கிறோம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் சிறுவர் தனியே அளக்கக் கூடாது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

1999இல் சொல்லப்பட்ட அந்த இருபது ஆண்டுகள் 2019இல் முடிந்துவிட்டன. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆன ஆண்டு அது. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதனை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் ஆணையிட்டது. அந்தக் குழுவினர் ஆற்றங்கரைக் கிணறுகளின் நீரை எடுத்துச் சோதிக்கும்போது, 1999ஆம் ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுக்கு எண் ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஒத்துப்போனால் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அதே கணக்கை நீட்டலாம். ஒத்துப்போகாவிட்டால், எந்தக் கட்டத்தில் எந்த ஊற்றுக்கண் விடுபட்டது என்று தேடலாம்.